ஞாயிறு காலை ஐந்து நிமிஷம்

மாரி தொடங்கியதும் எனக்கு வெளிநாட்டு அழைப்புகள் கூடிவிடும். இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ, மெல்பேர்ண் என்று எங்கெங்கோ இருந்து எடுப்பார்கள். சுகம் விசாரித்து முடிந்ததும் கேள்வி ஒன்றுதான். "தம்பி, வாகனம் வீட்டிலை சும்மா நிக்குது. கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி ஐஞ்சு நிமிஷம் விடச் சொல்லியிருக்கிறன். காணும்தானே?" கிளிநொச்சிப் பக்கம் பரந்தனில் கராஜ் வைத்திருப்பவன் என்ற முறையில் நான் சொல்லும் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. அந்த ஐந்து நிமிஷம்தான் வாகனத்தைத் தின்கிறது என்று சொன்னால், "அப்ப அப்பிடியே உக்கட்டும் எண்டு விடவோ?" என்று கோபப்படுகிறார்கள். தொலைபேசியில் அவசரமாக விளங்கப்படுத்தக்கூடிய விஷயமும் இல்லை இது. ஆற அமர ஒருமுறை எழுதிவிட்டால், இனிக் கேட்பவர்களுக்கு இதை அனுப்பலாம். வாகனத்தை நிறுத்துவதென்றால் முழுதாக நிறுத்துங்கள். ஓட்டுவதென்றால் எஞ்சின் ஒயில் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே உறுமவிட்டு நிறுத்துவது இரண்டிலும் சேராது.

புத்தகத்தில் படித்து இதைச் சொல்லவில்லை. உருத்திரபுரத்தில் பெரியம்மா வீட்டில் நிற்கும் மொறிஸ் மைனர்தான் எனக்கு இதைக் கண்முன்னே காட்டியது. ஆனால் அந்தக் காரைப் பற்றிச் சொல்ல முதல் அவருடைய மகனின் மற்றக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பனியில் நிற்கிற கார்.

ஸ்காபரோவில் தூங்கும் கார்

பெரியம்மாவின் மகனை அண்ணை என்பேன். அவர் கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் இருக்கிறார். நெடுங்காலம் இரண்டு வேலை செய்து, பிள்ளைகளைப் படிப்பித்து ஆளாக்கிய பிறகு, தனக்கென்று ஒரு மஸ்டா எம்.எக்ஸ்-5 வாங்கினார். 1989இல் வெளிவந்த இனம். அங்கே மியாட்டா என்கிறார்கள். இரண்டே இருக்கை, பின்சில்லு இழுவை, துணிக் கூரையை இருந்தபடியே கையால் பின்னுக்குத் தள்ளி மடித்துவிடலாம். அண்ணையுடையது முதல் தலைமுறையைச் சேர்ந்த சிவப்பு. கோடையில் அதில் ஏறிக் கூரையைத் திறந்துகொண்டு போகும்போது அவர் அனுப்பும் வீடியோக்களைப் பார்த்தால் எங்களுக்கே மனம் நிறையும்.

நவம்பரில் அந்தக் காரை அவர் படுக்க வைக்கிற விதத்தை நான் வீடியோ அழைப்பில் பக்கத்தில் நிற்பதுபோலப் பார்த்திருக்கிறேன். முதலில் கழுவுவார், குறிப்பாக அடிப்பாகத்தை. பிறகு ஒயில் மாற்றுவார், மாற்ற வேண்டிய தூரம் ஓடியிருக்காவிட்டாலும். ஓடித் தேய்ந்த ஒயிலில் எரிபொருள் எரிந்ததால் வந்த அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். அது மாதக்கணக்கில் பெயரிங்குகளின்மேல் கிடக்கக் கூடாது என்பதுதான் காரணம். அவர் இருக்கும் ஒன்ராறியோ மாகாணப் பெற்றோலில் எதனோல் கலந்திருக்கிறது. எதனோல் ஈரத்தை இழுக்கும். ஆகவே தாங்கியில் காற்றுக்கு இடமில்லாமல் விளிம்புவரை நிரப்பி, பெற்றோல் பழுதாகாமல் இருக்க ஒரு மருந்து ஊற்றி, அது எஞ்சின்வரை போய்ச் சேர ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவார். ரயர்களுக்குக் காற்றுக் கொஞ்சம் கூட அடிப்பார், ஒரே இடத்தில் பாரம் இருந்து தட்டையாகாமல். ஹான்ட்பிரேக் போடமாட்டார், கியரில் விட்டு, சில்லுக்குக் கட்டை வைப்பார். இல்லாவிட்டால் பிரேக் கட்டை பிடித்த பிடியில் ஒட்டிக்கொள்ளும். துணிக் கூரையில் விழும் தண்ணீர் வடிந்து போவதற்கு அந்தக் காரில் இருபுறமும் துளைகள் உண்டு. அவை அடைபட்டால் கதவுக்குக் கீழேயுள்ள பகுதி உள்ளேயிருந்தே கறள் பிடித்து உக்கிவிடும். அந்த இனக் காருக்கு வழமையாக வருகிற வருத்தம் அது. அண்ணை ஒரு மெல்லிய நைலோன் தும்பை உள்ளே விட்டுத் துளைகளைச் சுத்தம் பண்ணுவார். டிக்கிக்குள் இருக்கும் பற்றரிக்குச் சின்னச் சார்ஜர் ஒன்றைப் பூட்டுவார். கடைசியாக, எலி போய்க் கூடு கட்டாமல் சைலன்சர் வாய்க்குள் கம்பிப் பஞ்சை அடைத்து, "புகைக்குழாயில் அடைப்பு இருக்கு, எடுத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணு" என்று தமிழில் எழுதிய மட்டையை ஸ்டியரிங்கில் கட்டிவிடுவார். அதற்கு மேலே பருத்தித் துணி மூடி. ஏப்ரல் வரைக்கும் அந்தக் கார் மூச்சு விடாது.

பனிக்குள்ளேயே ஓட்டினால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். குளிரில் எஞ்சினுக்குப் பெரிய ஆபத்தில்லை. றேடியேற்றரில் உறையாத திரவம் இருக்கிறது. பிரச்சினை ரயரும் உப்பும். ஸ்போர்ட்ஸ் காருக்கு வரும் கோடை ரயர் 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்கிவிடும், வீதியைப் பிடிக்காது. அதற்குக் குளிர்கால ரயர் மாட்டலாம். உப்புக்குத்தான் மாற்று இல்லை. ஹியூரன் ஏரிக்கு அடியில், கொடறிச் என்ற ஊரிலே உலகத்தின் மிகப் பெரிய நிலக்கீழ் உப்புச் சுரங்கம் இருக்கிறது. அந்த உப்பின் பெரும்பகுதி பனியை உருக்க வீதிகளில் கொட்டுப்படுகிறது. ஆனையிறவு உப்பளக் காற்றடிக்கும் பக்கம் வளர்ந்தவனுக்கு உப்பு இரும்பை என்ன செய்யும் என்று சொல்லித் தரத் தேவையில்லை. இங்கே காற்றில் வருவதை அங்கே சில்லுகள் நேரடியாகக் காரின் அடியில் வாரி அடிக்கின்றன.

இதிலே எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்றை அண்ணை சொன்னார். உப்புப் படிந்த காரைக் கடுங்குளிரில் வெளியே விடுவதைவிட, சூடாக்கிய கராஜுக்குள் கொண்டுபோய் விடுவது மோசம். வெளியே உறைந்து கிடந்தால் இரசாயன வேலை மந்தமாகத்தான் நடக்கும். உள்ளே வெப்பத்தில் அந்த உப்புத் தண்ணீர் உருகி, எல்லா மூட்டுகளுக்குள்ளும் இறங்கி, விறுவிறென்று அரிக்கும். காரைக் கவனிக்கிறோம் என்று நினைத்து இரவிரவாகச் சூட்டில் வைப்பவர்கள்தான் சீக்கிரம் காரை இழக்கிறார்கள் என்றார். பற்றரியும் அப்படித்தான். சார்ஜ் நிறைந்த பற்றரிக்குக் குளிர் நல்லது; தானாக இறங்குவது குறையும். சார்ஜ் இறங்கிய பற்றரியோ சைபருக்குக் கீழே 10 பாகை போக முதலே உறைந்து வெடித்துவிடக்கூடும். குளிர் ஒன்றையும் தனியாகக் கெடுப்பதில்லை. அரைகுறையாக விட்டதைத்தான் கெடுக்கிறது.

இவ்வளவும் தெரிந்த மனிதர்தான், கிளிநொச்சியில் நிற்கும் காரை ஞாயிற்றுக்கிழமை தோறும் ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடச் சொல்லியிருந்தார். இதுதான் என்னை உறுத்தியது. அங்கே ஏப்ரல் வரைக்கும் திறப்பைத் தொடாதவர், இங்கே மட்டும் ஏன் இப்படி?

பெரியப்பாவின் கார்

உருத்திரபுரத்தில் நிற்கும் மொறிஸ் மைனர், பெரியப்பாவுக்காக யுத்தம் முடிந்த பிறகு சாவகச்சேரியில் வாங்கிக் கொண்டுவந்தது. வாடகைக்கு ஓட்டிய அவருடைய பழைய ஹயர் காரும் மொறிஸ் மைனர்தான். யுத்தத்தின்போது, பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் பெற்றோல் தங்கத்தைப்போல. சின்னப் போத்தலில் இருக்கும் பெற்றோலில் கொஞ்சத்தைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பிள்ளைப்பேற்றுக்குப் போனவர்கள், காய்ச்சலில் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், கலியாண மாப்பிள்ளைகள் எல்லாரும் அந்த மண்ணெண்ணெய்ப் புகைக்குள்தான் பயணம் போனார்கள். பெரியப்பாவிடம் ஒரு சட்டம் இருந்தது: ஆள் ஏறிய பிறகுதான் எஞ்சினை எழுப்புவார், எழுப்பினால் போய்வரும்வரைக்கும் நிறுத்தமாட்டார். எஞ்சின் சூடாகாமல் மண்ணெண்ணெய் எரியாது. எரியாத எண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணியாக்கிவிடும். ஒயில் அளக்கும் கம்பியில் மட்டம் குறையாமல் கூடினால், எஞ்சினுக்கு நோய் என்று அந்தக் காலத்து மெக்கானிக்மார் சொல்வார்கள். அந்தக் கார் 2009இல் இடப்பெயர்வில் வீதியோரம் விட்டதோடு போயிற்று. அதைப் பற்றி அவர் பிறகு அதிகம் பேசியதில்லை. புதிதாக வந்த மொறிசில் சில வருஷம் கோயிலுக்கும் கடைக்கும் போய்வந்தார். அவர் காலமான பிறகு கார் பெரியம்மாவோடு நின்றது.

மாரி செய்கிற வேலை

எங்களுக்குப் பனி கிடையாது, மாரி இருக்கிறது. ஐப்பசியில் பிடித்தால் மார்கழி முடியும்வரைக்கும் இரும்பு காயாது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்ற நாட்களில், முற்றத்தில் நின்ற வாகனங்களின் சில்லுக்கு மேலே தண்ணீர் ஏறியதை நாங்கள் எல்லாரும் கண்டோம். அப்படியான வெள்ளத்தை விடுங்கள். ஒவ்வொரு வருஷமும் வருகிற சாதாரண மாரியே போதும். ஈரக்காற்றில் பிரேக் ட்றம் உள்ளே கறள் கட்டும். குளவி பெற்றோல் தாங்கியின் காற்றுக் குழாயில் மண் வைத்துக் கட்டும். எலி வயரைக் கடிக்கும். எல்லாவற்றிலும் கொடியது தறப்பாள். இடம்பெயர்ந்த காலத்திலிருந்து எங்கள் வீடுகளில் தறப்பாளுக்குக் குறைவில்லை, அதை எடுத்துக் காரைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிடுகிறோம். மழை உள்ளே போகாதுதான். நிலத்திலிருந்து எழும்புகிற ஈரமும் வெளியே போகாது. காலை வெயில் பட்டதும் உள்ளே வியர்த்து, கூரையில் துளி துளியாக நிற்கும். கிடுகால் வேய்ந்த கொட்டில் ஆயிரம் மடங்கு மேல். மேலே ஒழுகாமல் நாலு பக்கமும் காற்று ஓடினால் கார் பிழைத்துக்கொள்ளும். ரொறன்ரோக்காரர் பிளாஸ்ரிக்கை விட்டுப் பருத்தித் துணியால் மூடுவதும் இதே காரணத்துக்குத்தான்.

ஒரு கார்த்திகை மாத ஞாயிற்றுக்கிழமை, வேறொரு வேலையாக உருத்திரபுரம் போனவன் பெரியம்மாவைப் பார்த்துவிட்டு வருவோம் என்று போனேன். பக்கத்து வீட்டுப் பெடியன் அப்போதுதான் மொறிசுக்குள் ஏறியிருந்தான். கெட்டிக்காரப் பெடியன், சொன்னதை ஒழுங்காகச் செய்கிறவன். லைசன்ஸ் இல்லாததால் வீதிக்குக் கொண்டுபோகமாட்டான். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை இழுத்தான், ஸ்டார்ட்டரை இழுத்தான், எஞ்சின் பிடித்தது. கொட்டிலுக்குள் வெள்ளைப் புகை நிறைந்தது. நான் ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். டாஷ்போர்ட்டில் சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டே இருந்தது.

அந்தச் சிவப்பு வெளிச்சத்தைக் கண்டதும்தான் எனக்கு முழுக் கணக்கும் விளங்கியது. மொறிஸ் மைனரில் மின்சாரம் தருவது இப்போதைய கார்களில் உள்ள ஒல்ரனேற்றர் அல்ல, டைனமோ. எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ பற்றரிக்கு ஒன்றும் கொடுக்காது. சிவப்பு வெளிச்சம் அதைத்தான் சொல்கிறது. ஸ்டார்ட் பண்ணும்போது பற்றரியிலிருந்து பெரிய அள்ளு ஒன்று போகும். அது திரும்பி வர வேண்டுமென்றால் வீதியில் வேகமாக ஓட வேண்டும். ஆகவே பற்றரி இறங்காமல் இருக்க என்று செய்கிற வேலை, ஒவ்வொரு ஞாயிறும் பற்றரியை இன்னும் கொஞ்சம் இறக்கிக்கொண்டிருந்தது.

"நிப்பாட்டு தம்பி" என்றேன். எஞ்சின் ஆறியபின் ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தேன். மூடியின் உட்பக்கம் முழுக்கத் தயிர் ஆடை மாதிரி வெளிர் மஞ்சளாக ஒட்டியிருந்தது. ஒயிலும் தண்ணீரும் கடைந்தால் வருகிற சாமான் அது. அளக்கும் கம்பியை இழுத்துத் துடைத்துத் திரும்ப விட்டுப் பார்த்தேன். மட்டம் கூடியிருந்தது, மூக்கருகே கொண்டுபோனால் பெற்றோல் மணந்தது. பிறகு சைலன்சரைக் கழற்றி இறக்கிச் சரித்தபோது, கறுத்த தண்ணீர் கலகலவென்று மண்ணில் ஊற்றியது. அடிப் பொருத்தில் விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. பெரியம்மா திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "மழைத் தண்ணி உள்ளுக்குப் போட்டுதோ மோனை?" என்றார்.

மழைத் தண்ணீர் அல்ல. பெற்றோல் எரிந்தால் தண்ணீர் பிறக்கும். பெற்றோலில் உள்ள ஐதரசன் காற்றில் உள்ள ஒட்சிசனோடு சேருகிறது. 1 லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லீற்றர் தண்ணீர் வருகிறது. எஞ்சின் சூடாக ஓடும்போது அது நீராவியாகப் புகைக்குழாயால் வெளியே போய்விடும். குளிர்ந்த எஞ்சினில் அது சைலன்சருக்குள்ளேயே துளியாகி நிற்கும். ஒரு பகுதி வளையங்களைத் தாண்டி ஒயிலுக்குள் போகும். சோக் இழுத்திருப்பதால் எரியாத பெற்றோலும் கூடவே போகும். தண்ணீர், பெற்றோல், அமிலம் மூன்றும் ஒயிலில் சேர்ந்த பிறகு அந்த ஒயிலுக்கு இரும்பைக் காக்கிற பலம் இல்லை. நூறு பாகைக்குக் கிட்ட ஒயில் சூடேறி, அந்தச் சூடு கொஞ்ச நேரம் நிலைத்தால்தான் இவையெல்லாம் ஆவியாகி வெளியேறும். நின்ற இடத்தில் ஐந்து நிமிஷம் ஓடி அந்தச் சூடு ஒருநாளும் வராது. தடைக் காலத்துப் பெரியப்பாவுக்கு மண்ணெண்ணெயும் பஞ்சமும் சொல்லிக் கொடுத்த சட்டம் இதைத்தான் சொன்னது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்று கிழமைக்கு 20 லீற்றர் வாங்கிய காலத்தில், ஓடாத காரை யாரும் உறுமவிடவில்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

பெரியம்மா சொன்னது

அன்றிரவு அண்ணைக்கு எடுத்துப் படங்களைக் காட்டினேன். கன நேரம் பேசாமல் பார்த்தார். "எனக்குத் தெரியுமடா தம்பி. அம்மாதான் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுறா. நான் மறுத்துச் சொல்ல ஏலாமல் விட்டிட்டன்" என்றார்.

அடுத்த நாள் திரும்பிப் போய்ப் பெரியம்மாவிடம் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. "தனியப் பொம்பிளை இருக்கிற வீடு எண்டு எல்லாருக்கும் தெரியும். ஞாயிறு விடிய கார்ச் சத்தம் கேட்டால், ஆரோ வந்திருக்கினம், ஆம்பிளையள் நடமாடுகினம் எண்டு றோட்டாலை போறவன் நினைப்பான். உனக்கு அது விளங்காது." எனக்கு விளங்கியது. எங்கள் பக்கத்தில் எத்தனை வீடுகளில் பெண்கள் தனியே இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வாசலில் ஆண்களின் செருப்பு வைப்பதும், இரவில் இல்லாத ஆளைக் கூப்பிட்டுக் கதைப்பதும் நான் கண்டதுதான். அந்த எஞ்சின் சத்தத்துக்கு ஒரு வேலை இருந்தது. காருக்கு மட்டும் நல்லதைச் சொல்லிவிட்டு வந்தால், அந்த வேலையைச் செய்ய வேறொன்றும் இல்லாமல் அவரை விட்டுவிட்டு வந்தவனாவேன். மெக்கானிக்மார் பலர் இந்த இடத்தில் பிழை விடுகிறோம் என்று நினைக்கிறேன். வீட்டில் இருக்கிறவரின் பயத்தைக் கேட்காமல் வாகனத்தின் நோயை மட்டும் சொல்கிறோம்.

ஆகவே இப்படிப் பேசி முடித்தோம். ஐப்பசி நடுப்பகுதியிலிருந்து மார்கழி முடியும்வரை கார் முழுதாகப் படுக்கும், ஸ்காபரோக் கார் படுப்பதுபோலவே. புது ஒயில், விளிம்புவரை பெற்றோல், சில்லுக்குக் கட்டை, ஹான்ட்பிரேக் இல்லை. பற்றரியை மட்டும் கழற்றி என் கராஜுக்குக் கொண்டுவந்து சார்ஜில் வைப்பேன். எங்கள் வெக்கையில் பற்றரி ரொறன்ரோவைவிடக் கெதியாகத் தானே இறங்கும். சைலன்சர் வாய்க்குக் கம்பிப் பஞ்சு. தறப்பாளை அவிழ்த்து, கொட்டிலுக்குப் புதுக் கிடுகு போட்டோம். தை பிறந்ததும் கார் எழும்பும். எழும்பினால் ஞாயிற்றுக்கிழமையில் நானோ என் தம்பியோ வந்து, பெரியம்மாவை முன்னால் இருத்தி, ஏ-9 வீதியால் முறிகண்டிக்குப் போய்வருவோம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பினால் போய்வருகிற ஓட்டத்தில் ஒயில் முழுச் சூடு காணும், சிவப்பு வெளிச்சம் அணைந்தே இருக்கும், பற்றரியும் நிறையும். கார் படலையால் வெளிக்கிட்டுத் திரும்பி வருவதை ஒழுங்கையே பார்க்கும். கொட்டிலுக்குள் எழும்புகிற சத்தத்தைவிட அது மேல் என்று பெரியம்மாவும் ஒத்துக்கொண்டார்.

கார் படுக்கும் மாதங்களுக்கு மட்டும் அவர் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. கார் சத்தமில்லாமல் படுத்திருக்கும் அந்த இரண்டரை மாதமும் நான் ஞாயிறு விடிய மோட்டார் சைக்கிளில் வந்து, படலையடியில் ஹோர்ன் அடித்துக் கூப்பிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. வருகிறேன். மழை விட்ட நாட்களில் காரின் கதவுகளைத் திறந்து காற்று விடுவதும், குளவி மண் வைத்திருக்கிறதா என்று பார்ப்பதும் அந்த நேரத்தில் நடக்கிறது. அண்ணையின் சிவப்புக் காரும் அதே மாதங்களில் அங்கே துணிக்குக் கீழே கிடக்கிறது. பெப்ரவரியில் ஒருநாள் வெயில் எறித்ததும், "வீதி காஞ்சு கிடக்குது, ஒரு சுத்து எடுக்கட்டோ?" என்று கேட்டு எடுத்தார். காய்ந்த வீதியில் உப்புத் தூள் வெள்ளையாகப் படிந்திருக்குமே என்று கேட்டேன். இருக்குது என்றார். வசந்தத்து மழை இரண்டு மூன்று தரம் வீதியைக் கழுவட்டும், ஏப்ரலில் எடுங்கள் என்று சொல்லி வைத்தேன்.